வெயில் எல்லார்க்கும், விதி யார்க்கு?

தோழர்களே!

வானூர் வட்டம் வறட்சியைக் கண்டதுண்டு, வெள்ளத்தைக் கண்டதுண்டு, வேலையின்றி வாடும் இளைஞர் கூட்டத்தைக் கண்டதுண்டு. ஆனால் வெயிலுக்குப் பஞ்சம் என்று ஒரு நாளும் எவரும் முறையிட்டதில்லை. திருவக்கரைக் கல்குவாரியிலே சம்மட்டி ஓங்கும் தொழிலாளியின் முதுகிலும் அந்த வெயில்தான் விழுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்திலே எழுந்து நிற்கும் மாளிகையின் மாடியிலும் அந்த வெயில்தான் விழுகிறது. கதிரவன் பட்டா கேட்பதில்லை. மின்கட்டண அட்டை கேட்பதில்லை. "உன் கூரை கான்கிரீட்டா, ஓடா, கீற்றா?" என்று விசாரித்த பிறகு ஒளி வீசுவதில்லை. அப்படி விசாரிப்பவர்கள் வானத்தில் இல்லை. கீழே, அலுவலகங்களிலே அமர்ந்திருக்கிறார்கள்.

வெயிலை மின்சாரமாக்கும் தகடுகள் இன்று வீட்டுக் கூரைகளின்மீது ஏறத் தொடங்கிவிட்டன. நல்லது, வரவேற்கிறோம். அறிவியல் தந்த அரிய வரம் அது. புகையில்லை, கரியில்லை, சத்தமில்லை. ஆனால் அறிவியல் எந்த வரத்தைத் தந்தாலும், அதைப் பங்கிடும் பந்தியிலே முதல் வரிசையில் அமர்பவர் யார், கடைசி வரிசையில் காத்து நிற்பவர் யார் என்று கேட்பது நமது கடமை. கூரைமேல் தகடு ஏறுகிறது. அந்தக் கூரை தாங்குமா, புயல் வந்தால் அந்தத் தகடு நிற்குமா, பறந்துபோய் அடுத்த வீட்டுக் குழந்தையின் தலையில் விழுந்தால் பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டியது கட்டட விதி. அந்த விதி யாரைக் காக்கிறது, யாரைக் கைவிடுகிறது என்பதே இந்த வாரம் நாம் பேசவேண்டிய பொருள்.

கூரை உள்ளவர்க்கே மானியம்

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. பிரதமரின் சூரிய வீடு திட்டம் என்று பெயர். ஒரு கோடி வீடுகள்; 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் போனால் 78,000 ரூபாய் மானியம். எண்களைப் பார்த்தால் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் தகுதி என்ன? வீடு சொந்தமாக இருக்கவேண்டும். மின்இணைப்பு இருக்கவேண்டும். தகடு பொருத்தத் தக்க கூரை இருக்கவேண்டும்.

அந்த மூன்றாவது சொற்றொடரைக் கவனியுங்கள், தோழர்களே! "தக்க கூரை." ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். 300 சதுர அடிக் கூரையை முழுதாகக் கொடுத்தால்தான் 3 கிலோவாட் கிடைக்கும். கீற்றுக் கூரையின்மேல் தகடு வைக்க இயலாது. காரை பெயர்ந்து கம்பி தெரியும் பழைய தொகுப்பு வீட்டுத் தளத்தில் துளையிட்டால், தகடு நிற்பதற்கு முன் தளம் ஒழுகும். வாடகை வீட்டில் குடியிருப்பவனுக்குக் கூரையே வேறொருவனுடையது. புறம்போக்கில் குடிசை போட்டவனுக்குக் காலடி மண்ணே உறுதியில்லை. ஆகவே பெரிய கூரை உடையவனுக்குப் பெரிய மானியம். சிறிய கூரை உடையவனுக்குச் சிறிய மானியம். கூரையற்றவனுக்கு வானமே மிச்சம்!

"ஏழைக்குத்தான் 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறதே, அவனுக்கு ஏன் தகடு?" என்று கேட்கும் அறிவாளிகள் உண்டு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்ற அந்தச் சலுகை 2016-ஆம் ஆண்டில் வந்தது. அதை எவரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்றால் நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் சற்று மேல், அவ்வளவே. விளக்கு எரியும், விசிறி சுழலும். மாவரைக்கும் கிரைண்டரும், மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டியும், பிள்ளை படிக்கும் கணினியும் வந்தால்? "ஏழை என்றென்றும் விளக்கும் விசிறியுமாகவே இருக்கட்டும்" என்பதுதான் அந்த அறிவாளிகளின் ஆசை போலும்! நம் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். அந்த நான்கு யூனிட் ஒரு குடும்பத்தின் வாழ்க்கைத் தரத்தை ஒரு படி உயர்த்தும். அதை மாளிகைக்கு மட்டும் ஒதுக்கி வைக்க எந்த நீதிநூல் சொல்கிறது?

பாரம் எது, பகை எது?

கூரைத் தகடு என்றதும் எல்லாரும் கேட்கும் முதற்கேள்வி, "தளம் பாரம் தாங்குமா?" என்பது. கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதை எவரும் கேட்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். தகடும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோ பாரம். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ தாங்கவேண்டும் என்று இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. அப்படிக் கட்டப்பட்ட நல்ல தளத்துக்குத் தகட்டின் பாரம் ஒரு பொருட்டே இல்லை. நெல் மூட்டை அடுக்கிய தளங்கள், திருமணப் பந்தியே நடந்த தளங்கள், நம் ஊர்களில் எத்தனை!

பகை மேலிருந்து அழுத்தும் பாரத்தில் இல்லை. கீழிருந்து தூக்கும் காற்றில் இருக்கிறது. ஐ.எஸ். 875 என்ற தரநிர்ணயத்தின் மூன்றாம் பகுதி காற்றைப் பற்றியது. 1987-இல் வெளிவந்தது, 2015-இல் திருத்தப்பட்டது. புதுச்சேரிக்கும் சென்னைக்கும் அது வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர் தொலைவுவரை உள்ள நிலம் புயல் தாக்கும் பகுதி என்றும் அது கூறுகிறது. புதுச்சேரியின் வாசற்படியிலே கிடக்கிற வானூர் அதற்குள் அடக்கம், திண்டிவனம் அடக்கம், விழுப்புரமும் அடக்கம்.

அந்த வேகத்தில் வீசும் காற்று, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ விசையோடு மோதும். இன்று விற்கும் பெரிய தகடுகள் இரண்டு சேர்ந்தால் ஐந்து சதுர மீட்டர்ப் பரப்பு. எடை 60 கிலோவுக்குள். அந்த 60 கிலோத் தகடுகளைக் காற்று 750 கிலோ விசையோடு பிடித்து இழுக்கக்கூடும்! சாய்வுக்கும் உயரத்துக்கும் ஏற்ப இந்தக் கணக்கு கூடும், குறையும். ஆனால் தன்மை மாறாது. பாய்மரத்தைக் கப்பலில் கட்டுவோம். இங்கே வீட்டின்மேல் பாய்மரம் கட்டியிருக்கிறோம். பாய்மரத்தைப் பிடித்து நிற்பவை நான்கு இரும்புக் கால்கள். கால்களைப் பிடித்து நிற்பவை விரல் பருமனுள்ள போல்ட்டுகள்.

"பெஞ்சல் புயலுக்கே எங்கள் தகடு அசையவில்லை" என்று பெருமை பேசுவோர் இருக்கிறார்கள். 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு அந்தப் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தது உண்மை. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் தத்தளித்ததும் உண்மை. ஆனால் அன்று கொடுமை செய்தது மழை. காற்று, மணிக்கு 90 கிலோமீட்டர் அளவோடு நின்றுகொண்டது. தரநிர்ணயம் சொல்லும் வேகத்தில் அது பாதி. வேகம் பாதியானால் விசை கால்பங்கு. அப்படியானால் பெஞ்சலில் நமது தகடுகள் எழுதியது முழுத்தேர்வு ஆகாது. கால் மதிப்பெண் தேர்வு. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. வேரோடு சாய்ந்த பலாவையும் முந்திரியையும் அன்று பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று நம் கூரைகளில் தகடுகள் அதிகமில்லை. அடுத்த தானே வரும்போது இருக்கும்!

வாசலோடு திரும்பிவிடும் விதி

"நாட்டில் விதியே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, தோழர்களே, அடுக்கடுக்காக இருக்கிறது. தேசியக் கட்டட விதித் தொகுப்பு 1970-இல் முதன்முதலாக வந்தது. கடைசியாக 2016-இல் திருத்தப்பட்டது. ஆனால் அது அறிவுரை நூல். மாநிலமும் உள்ளாட்சியும் ஏற்று விதியாக்கினால்தான் அதற்குச் சட்டவலிமை. அதே 2016-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகளில், கூரைமேல் சூரிய மின்சாரம் அமைப்பதைப் பற்றியும் சொல்லப்பட்டிருக்கிறது. பெரிய மனைகளுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. மாநகரத்துக்கும் சிற்றூருக்கும் ஒரே ஏடு. அதே மாதத்தில் மாநிலத்தின் சூரிய மின்கொள்கையும் வந்தது. 2023-க்குள் 9,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது.

ஏடுகள் இத்தனை. ஆயினும் கிளியனூரில் ஒரு வீட்டின்மேல் தகடு ஏறும்போது நடப்பது என்ன? வீடு கட்டும் நாளில் விதி வாசலில் வந்து நிற்கிறது. மனையின் அளவு கேட்கிறது, பக்க இடைவெளி கேட்கிறது, வரைபடம் கேட்கிறது. கையொப்பம் விழுந்ததும் விதி விடைபெற்றுப் போய்விடுகிறது. பத்தாண்டு கழித்து அதே வீட்டின்மேல் தகடு ஏறுகிறது. மின்வாரியத்தார் வருகிறார்கள், மீட்டரைப் பார்க்கிறார்கள், கம்பியைப் பார்க்கிறார்கள், எர்த் பார்க்கிறார்கள். போல்ட்டைப் பார்க்க வந்தவர் யார்? தளத்தின் வயதைக் கேட்டவர் யார்? உங்கள் தெருவிலே தகடு வைத்த வீட்டுக்காரரை நாளைக் காலையில் விசாரித்துப் பாருங்கள், விடை கிடைக்கும்.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு மின்நுகர்வோர் விதிகளைத் திருத்தி, 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்றது. மின்பாதை பற்றிய ஆய்வு அது. அலைக்கழிப்பு குறைந்தது, நல்லதுதான். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு, 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்டுவோர் தாமே சான்றளித்து உடனடி ஒப்புதல் பெறலாம் என்றது. இடைத்தரகன் ஒழிந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் கம்பிக்கு விதி எளிதானது. வரைபடத்துக்கு விதி எளிதானது. காற்றோடு மல்லுக்கு நிற்கும் இரும்புக் காலுக்கு மட்டும் கேட்பாரே இல்லை என்ற நிலை நீடிக்கிறது.

இந்த நிலையைச் சிலர் சுதந்திரம் என்று கொண்டாடுகிறார்கள். "விதிகள் தொழிலை நசுக்குகின்றன, சந்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள். சந்தை பார்த்துக்கொள்ளும், யாரைப் பார்த்துக்கொள்ளும்? மாளிகைக்காரர் பொறியாளரை அமர்த்துகிறார், துத்தநாக முலாம் தடிப்பாகப் பூசிய இரும்பைக் கேட்டு வாங்குகிறார், காப்பீடும் எடுக்கிறார். அவருக்கு அரசு எழுதிய விதி இல்லாவிட்டாலும் பணம் எழுதிய விதி காவலிருக்கிறது. கூலிக்காரன் கடன் வாங்கித் தகடு வைக்கிறான். போட்டியிலே விலை குறைக்க விரும்பும் வணிகன் எதைக் குறைப்பான்? தகட்டின் விலையை அவனால் குறைக்க முடியாது. அது தொழிற்சாலையிலிருந்து வருவது. இரும்பின் கனத்தைக் குறைப்பான். போல்ட்டின் நீளத்தைக் குறைப்பான். முலாமைக் குறைப்பான். கோட்டக்குப்பத்திலும் பொம்மையார்பாளையத்திலும் கடலின் உப்புக்காற்று அந்த இரும்பை நாள்தோறும் தின்னும். தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். தகட்டைத் தாங்கும் காலுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? அந்த வரி எந்த எழுத்தில் இருக்கிறது?

ஆகவே விதியின்மை ஏழைக்கு விடுதலை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். வலியவனுக்கு விதி இடையூறாகத் தோன்றலாம். எளியவனுக்கு விதியைத் தவிர வேறு துணையில்லை!

சாம்பலுக்குப் பிறகா சட்டம்?

கூரையும் விதியும் தமிழ்நாட்டுக்குப் புதிய பாடமல்ல. 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில், கீற்றுக் கூரையின்கீழ்ப் படித்துக்கொண்டிருந்த 94 பிஞ்சுகள் தீக்கு இரையாயின. அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அதன் பிறகுதான் அனுமதிச் சான்றுகள் புரட்டப்பட்டன. அந்தத் தாய்மார் கேட்ட கேள்வி ஒன்றே: "இதை ஏன் முன்பே செய்யவில்லை?" சாம்பலிலிருந்து சட்டம் பிறப்பது நாகரிக நாட்டுக்கு அழகல்ல. பறந்த தகடு ஒரு உயிரைக் குடித்த பிறகு குழு அமைப்பதும், குழு அறிக்கை தருவதும், அறிக்கை அலமாரியில் உறங்குவதும் நாம் பார்த்துச் சலித்த நாடகம்.

ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியாவை ஆண்டான் ஹமுராபி. அவன் கல்லில் பொறித்த சட்டம், கட்டிய வீடு இடிந்து உரியவன் மாண்டால் கட்டியவனுக்கு மரண தண்டனை என்றது. கொடிய சட்டம், நமக்கு வேண்டாம். ஆனால் அந்தக் கொடுங்கோலனுக்குத் தெரிந்த ஒரு நீதி நம் ஆட்சிப் பீடங்களுக்கு மறந்துபோகலாமா? பொறுப்பு கட்டியவனுடையது, குடியிருப்பவனுடையது அல்ல என்பதே அந்த நீதி. கட்டியவனின் தலையை நாம் கேட்கவில்லை, கையொப்பத்தைக் கேட்கிறோம்.

உலகம் அந்த வழியில்தான் நடக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா, 2020 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளில் சூரியத் தகடு இருக்கவேண்டும் என்று கட்டட விதியிலேயே எழுதியது. டோக்கியோ மாநகரம் 2025 ஏப்ரல் முதல் புதிய வீடுகளில் தகடு அமைக்கும் கடமையை விதித்தது, யார்மீது? வீடு வாங்கும் குடும்பத்தின்மீது அன்று; ஆண்டுதோறும் வீடுகளைக் கட்டிக் குவிக்கும் பெரிய நிறுவனங்களின்மீது! கட்டுகிறவனே சுமக்கட்டும் என்றார்கள். முதலாளித்துவ நாடுகளே இவ்வளவு சொல்லும்போது, சமூகநீதி பேசும் மண் சொல்லத் தயங்கலாமா?

அரசே கட்டுகிறதே!

நம் நாட்டில் ஏழைக்குப் பெரிய கட்டுமான நிறுவனம் எது? அரசுதான். 2011-இல் முதலமைச்சரின் சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டம் வந்தது. ஆண்டுக்கு 60,000 வீடுகள். 300 சதுர அடி. கூரைமேல் தகடு, வீட்டுக்குள் ஐந்து விளக்குகள். எந்தக் கட்சி கொண்டுவந்தது என்பது இங்கே கேள்வியல்ல. ஏழையின் வீடும் சூரிய ஒளியும் ஒரே அரசாணையில் இடம்பெற்றன. அது நல்ல தொடக்கம். ஆனால் விளக்குக்கு உயிர் கொடுக்கும் மின்கலத்தின் ஆயுள் சில ஆண்டுகளே. அது தீர்ந்த பிறகு மாற்றித் தருவது யார் பொறுப்பு? அந்த வீடுகளில் இன்று எத்தனை விளக்குகள் எரிகின்றன என்பதைத் தோழர்கள் தம் ஊரில் எண்ணிப் பார்க்கட்டும். எண்ணி எழுதி வைக்கட்டும். பிறகு பேசலாம்.

2024-இல் கலைஞர் கனவு இல்லம் திட்டம் வந்தது. 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். தோழர்களே, இங்கேதான் நமது கோரிக்கையின் உயிர்நாடி இருக்கிறது. கூரையற்றவனுக்குக் கூரை கிடைக்கிறது. அந்தக் கூரையை வார்க்கும் அன்றே அதை வெயிலுக்குத் தயார் செய்துவிட்டால் என்ன?

எந்தக் கொத்தனாரையும் கேளுங்கள். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டுவதற்கு முன் போல்ட்டுகளைக் கம்பியோடு பிணைத்து நிறுத்துவது அரைநாள் வேலை. தகட்டிலிருந்து மீட்டருக்குக் கம்பி இறங்க ஒரு குழாயைப் புதைப்பது அதைவிடச் சிறிய வேலை. பத்தாண்டு கழித்து அதே தளத்தில் துளையிட்டால் செலவும் கூடும், தளமும் நோகும், மழைநீரும் உள்ளே இறங்கும். பிறக்கும்போதே வலுவோடு பிறக்கும் கூரைக்கும், பின்னால் ஒட்டுப்போடும் கூரைக்கும் உள்ள வேறுபாடு அது.

எடுத்துக்காட்டைத் தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. நம் வானூர் வட்டத்திலேயே ஆரோவில் இருக்கிறது. அங்கே 1990-களின் இறுதியில் எழுந்த பொதுச் சமையற்கூடத்தின் கூரைமேல் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்று அமர்ந்திருக்கிறது. வெயிலை ஒரு முனையில் குவித்து நீராவியாக்கி, ஏறத்தாழ ஆயிரம் பேருக்குச் சமைக்கும் நோக்கோடு அமைக்கப்பட்டது. அவ்வளவு பெரிய கிண்ணத்தை மனத்தில் கொண்டே கூரையைத் திட்டமிட வேண்டும் என்பது கட்டடக் கலையின் அரிச்சுவடி. உலகத்தார் வந்து கண்டு வியக்கும் அந்தக் கூரைக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேதான் குயிலாப்பாளையமும் இரும்பையும் இடையஞ்சாவடியும் இருக்கின்றன. அறிவு அங்கே கூரைமேல் ஏறும். இங்கே வேலிக்கு வெளியே நிற்கும் என்றால், அது அறிவின் குற்றமா, ஆட்சியின் குற்றமா?

என்ன வேண்டும் நமக்கு?

குறை சொல்லிக் கலைவது நம் வழக்கமல்ல. கோரிக்கையை வகுத்துச் சொல்வோம்.

முதலாவது: அரசுப் பணத்தில் எழும் ஒவ்வொரு ஏழை வீட்டுத் தளத்திலும் வார்க்கும் நாளிலேயே போல்ட்டும் குழாயும் இடம்பெறவேண்டும். மாடிக்கு ஏறப் பாதுகாப்பான படியும் வேண்டும். தகடு இன்று வராவிட்டாலும் நாளை வரும். கூரை தயாராக இருக்கட்டும்.

இரண்டாவது: ஒரு கிலோவாட், இரண்டு கிலோவாட், மூன்று கிலோவாட், மூன்றுக்கும் இரும்புச் சட்டத்தின் மாதிரி வரைபடங்களை அரசே வெளியிடவேண்டும். கடலோர மாவட்டங்களுக்கு 50 மீட்டர் காற்றைத் தாங்கும் கணக்கோடு, எளிய தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். நம் பெண்கள் மாடியில் மல்லாட்டை காயவைக்கவேண்டும், மிளகாய் காயவைக்கவேண்டும். அதற்காகத் தகட்டை ஆளுயரத்துக்கு உயர்த்தச் சொல்வார்கள். கால் உயர்ந்தால் காற்றின் பிடியும் உயரும். அந்த உயரத்துக்கும் சேர்த்தே வரைபடம் வேண்டும். மாதிரியின்படி அமைத்தவனுக்குத் தனி அனுமதி என்று ஒரு நடை, தனிச் சான்று என்று ஒரு நடை கூடாது. 3,500 சதுர அடி வீட்டுக்காரரின் சொல்லை நம்பும் அரசு, 300 சதுர அடிக்காரனின் சொல்லையும் நம்பட்டும்!

மூன்றாவது: தகடு பொருத்தும் நிறுவனம் காலுக்கும் போல்ட்டுக்கும் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கவேண்டும். அந்தத் தாள் இல்லாமல் மானியத்தின் கடைசிக் காசும் கைமாறக்கூடாது. ஒவ்வொரு பெரும்புயலுக்குப் பிறகும் அந்த நிறுவனமே வந்து முடுக்கிப் பார்க்கவேண்டும். வெள்ளம் சூழ்ந்தால் மின்னோட்டத்தை நிறுத்தும் சுவிட்ச் எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். வெயில் உள்ளவரை தகடு மின்சாரம் பிறப்பித்துக்கொண்டே இருக்கும் என்பதை மறக்கவேண்டாம்.

நான்காவது: தகடு தாங்காத கூரைக்கும், கூரையே இல்லாதவர்க்கும் பங்கு வேண்டும். ஊராட்சி மன்றக் கட்டடம், பள்ளி, நியாயவிலைக் கடை ஆகியவற்றின் கூரைகள் ஊருக்குச் சொந்தமானவை. அங்கே விளையும் மின்சாரத்தைக் குடிசைகளின் கணக்கில் வரவு வைக்கலாம். டில்லியில் 2019-லேயே அதற்கு ஒழுங்குமுறை வகுத்துவிட்டார்கள். கணக்கேட்டில் செய்யும் வேலைக்குக் கான்கிரீட் தேவையில்லை, மனம் தேவை.

"இவ்வளவு விதி போட்டால் லஞ்சம் பெருகாதா?" என்று நல்லெண்ணத்தோடு கேட்கும் தோழர்களும் உண்டு. விதி இருட்டில் இருந்தால் லஞ்சம் பெருகும். வெளிச்சத்தில் இருந்தால் சுருங்கும். ஒரே பக்கத் தாளில் படத்தோடு எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிய விதியைக் கொத்தனாரும் படிப்பார். குடும்பத் தலைவியும் படிப்பார். படித்தவரை ஏய்ப்பது எளிதன்று. "செலவு யார் தருவது?" என்ற கேள்விக்கும் விடை உண்டு. மாளிகைக்கு 78,000 ரூபாய் தரும் கருவூலம், குடிசையிலிருந்து தளத்துக்கு ஏறும் குடும்பத்துக்கு நான்கு போல்ட் தரத் திணறுமானால், குறை கருவூலத்தில் இல்லை. அதன் சாவியை வைத்திருப்போரின் நெஞ்சில் இருக்கிறது.

தோழர்களே! ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் ஊர்தோறும் கிராமசபை கூடுகிறது. அடுத்துக் கூடும் சபைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் ஊராட்சியில் தகடு ஏறிய கூரைகள் எத்தனை, அவற்றின் கால்களில் துரு ஏறியவை எத்தனை, பசுமை வீடுகளில் எரியும் விளக்குகள் எத்தனை, தளம் வார்க்கக் காத்திருக்கும் புதிய வீடுகள் எத்தனை என்று வீடுவீடாகச் சென்று கணக்கெடுங்கள். கணக்கைத் தீர்மானமாக்குங்கள். தீர்மானத்தை ஏட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நகலைக் கேட்டு வாங்குங்கள். தளம் வார்க்கும் வீட்டுக்காரரிடம், கான்கிரீட் கலவை கொட்டுவதற்கு முன்னால் போய்ப் பேசுங்கள். கொட்டிய பிறகு பேசிப் பயனில்லை.

வடகிழக்குப் பருவம் ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. அது நம் அரசாணைக்குக் காத்திருப்பதில்லை. அதற்கு முன் கூரைகள் உறுதிபெறவேண்டும். அந்த உறுதியை விதியாக எழுதி வாங்கவேண்டும். வானூரின் வெயில் எல்லார்க்கும் பொது. அதை அறுவடை செய்யும் உரிமையும், அச்சமின்றி அதன்கீழ் உறங்கும் உரிமையும் எல்லார்க்கும் பொதுவாகட்டும். புறப்படுங்கள்!